எஸ் ஏழு, இருபத்து மூணு

வாரம் ஒருமுறை வரும் பிலாஸ்பூர் வண்டியை
விடியுமுன்னே பிட்லைனில் நிறுத்திவிட்டுப் போவார்கள்.
ஆறு பேர் நாங்கள்.
என் பங்கு எஸ் ஐந்திலிருந்து எட்டு வரை.

பிலாஸ்பூரை நான் பார்த்ததில்லை.
பெருக்கியிருக்கிறேன்.

அங்கே கொய்யா உண்டு.
தை மாசம் இலந்தைக் கொட்டை.
அவல் தின்பார்கள்,
பச்சை மிளகாயைக் கடித்துக் காம்பை மட்டும் போடுவார்கள்.
செருப்போடு வரும் மண் சிவப்புதான்,
ஆனால் நம் தேரி மண் இல்லை,
தண்ணீர் பட்டால் வழுக்கும்.
ஜன்னல் கம்பியில் கரி.
மூன்று வாளி மாற்றினாலும் நான்காவதும் கறுக்கும்.

லைட் வேலை பார்க்கிற இன்னாசி அண்ணன்
ஒருதரம் டியூட்டியில் அதுவரைக்கும் போய்வந்தார்.
நம்ம ஜங்ஷன் மாதிரிதான் என்றார்,
திசைக்கொன்றாய்த் தண்டவாளம் பிரியும்.
இங்கே செங்கோட்டை என்றால் அங்கே கோர்பா.
நமக்குத் திருச்செந்தூர் பாசஞ்சரில்
சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள்,
அவர்களுக்கு ராய்ப்பூர் லோக்கலில்
தூக்குவாளியும் தூக்கமுமாய் ஒரு கூட்டம்.

ஆறு இருக்கா?
இருக்கு. அர்ப்பா.
தண்ணி?
இன்னாசி அண்ணன் பீடியைத் தரையில் தேய்த்தார்.
பாலம் நல்ல பெரிசு, என்றார்.

நான் பேட்டையிலிருந்து முதல் பஸ்.
கண்டக்டர் பைசா இல்லாத டிக்கெட்டைக்
கிழித்துக் கையில் தருவார்.
கங்கைகொண்டான் கம்பெனிக்கு மாறிப் போகும் பிள்ளைகள்
கழுத்து அட்டையோடு சாய்ந்து தூங்கும்.
ஈரடுக்குப் பாலத்தில் ஒருநாள்
மேலே நாங்கள், கீழே சைக்கிள்கள்,
அதற்கும் கீழே ஒரு ரயில்.
ஒன்றையொன்று யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆடி மாசம். காற்று.
எஸ் ஏழில் இருபத்து மூணு, பக்கவாட்டுக் கீழ் சீட்டு.
இரண்டு பாதியும் சேர்கிற இடுக்கில்
அன்றைய பேட்டை டிக்கெட்டைச் செருகினேன்.
ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.
அங்கேயும் ஒருத்தி பெருக்குவாள்தானே?
காய்ந்த பிச்சிப்பூ, நுங்குக் கூந்தல்,
புளிச்சோறு கட்டிய இலை,
அல்வா நெய் ஊறிய தாள்,
அதை மொய்த்தபடியே மாநிலம் தாண்டிய எங்கள் ஊர் எறும்பு
இவற்றை வைத்து
அவள் எங்களை என்ன ஊர் என்று நினைத்திருப்பாள்?
தமிழ் வாசிக்க வராது.
டிக்கெட் என்றாவது தெரியாதா.

அடுத்த வாரம் வேறு ரேக் வந்தது.
அதற்கடுத்த வாரம்
வாளியைக்கூட இறக்காமல் இடுக்கில் விரலை விட்டேன்.

இருந்தது.
என் டிக்கெட்டேதான்.
எழுத்து வெளுத்து, ஓரம் கறுத்து,
ரெண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் போய்
அத்தனையும் திரும்பி வந்திருந்தது
பைசா இல்லாமல்.

வந்ததே எனக்குக் கோபம்.
என்னத்தைப் பெருக்குதா அவ?
ஒரு ஈக்குச்சிய விட்டு இழுத்தா வந்திராதா?
சூப்பர்வைசர் என்ன, உறங்குதானா?
இல்ல, ஆளு குறைவோ.
அவளுக்கு எட்டுப் பெட்டியோ என்னவோ.
அவளுக்கும் ரெண்டு மாசமா சம்பளம் நிக்கோ.

இன்னும் உள்ளே விரல் போனது.
ரெண்டு அவல்.
ஒரு கொண்டை ஊசி, துரு இல்லை.
எத்தனை வாரமாய்க் கிடந்ததோ.
இந்த இடுக்கில் நான்தான் எப்போது விளக்குமாறு விட்டேன்?

ஊசியைப் பைப்புத் தண்ணீரில் கழுவித்
தலையில் குத்திக்கொண்டேன்.
டிக்கெட் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

எஸ் எட்டு பாக்கி.